யாரைத் திட்டுகிறேன்? செலெஸ்ட்டில் 2,146 சாவுகள்

என் வேலை பிழை திருத்துவது. அச்சுக்குப் போகும் முன் பக்கங்களைப் படித்து, சிவப்பு மையில் சுழித்துத் திருப்பி அனுப்புவேன். இருபது வருடமாக இதையே செய்வதால் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது. எங்கே தப்பு நடந்தாலும் அது யாருடைய தப்பு என்று பார்க்காமல் விட முடியாது. எழுதியவருடையதா, தட்டச்சு செய்தவருடையதா, இல்லை, தூக்கக் கலக்கத்தில் நானே விட்டுவிட்டேனா?

வீடியோ கேம்களையும் இப்படித்தான் எடைபோடுகிறேன். கிராபிக்ஸ், கதை, எத்தனை மணி நேரம் ஓடும் என்பதெல்லாம் அப்புறம். விளையாட்டில் சாகிறேன் அல்லவா, அந்த நொடியில் வாயிலிருந்து வரும் வசவு யார் மேல் விழுகிறது? "சே, அவசரப்பட்டுட்டேன்" என்று வந்தால் நல்ல கேம். "என்ன அநியாயம் இது, நான் அமுக்கினேனே!" என்று வந்தால், எவ்வளவு அழகாக இருந்தாலும் ஒரு வாரத்துக்கு மேல் என் வீட்டில் தங்காது.

செலெஸ்ட் என்ற கேம் ஐந்து மாதமாகத் தங்கியிருக்கிறது. எத்தனை முறை செத்தோம் என்று கேமே கணக்கு வைத்துக் காட்டுகிறது. முதல் ஏழு அத்தியாயங்களை முடித்தபோது என் கணக்கு 2,146. அதில் ஒரு நாற்பது ஐம்பது தவிர மற்ற எல்லாவற்றுக்கும் நானே பொறுப்பு என்று அன்றைக்குச் சத்தியம் செய்யத் தயாராக இருந்தேன். அப்புறம் அக்கா மகன் ஒரு வேலை செய்தான். அதைப் பிறகு சொல்கிறேன்.

2018 ஜனவரியில் வந்த கேம் இது. மேடி தோர்சன், நோயல் பெரி இருவரும் ஒரு சிறிய குழுவோடு செய்தது. அந்த வருட கேம் அவார்ட்ஸில் சிறந்த இண்டி கேம், அதாவது பெரிய நிறுவனங்களைச் சாராத கேம், என்ற விருது வாங்கியது. அதற்கு முன்னால் இதே பெயரில், பிக்கோ-8 என்கிற குட்டிக் கற்பனைக் கணினிக்காக நாலே நாளில் ஒரு கேம் செய்திருந்தார்கள். பெரிய கேமின் மூன்றாம் அத்தியாயத்தில், பாழடைந்த ஹோட்டலின் மறைவான அறை ஒன்றில், அந்தப் பழைய கேம் ஓடும் கணினி இருக்கிறது. தற்செயலாக அதில் போய் விழுந்தேன். அன்று ராத்திரி முழுக்க அங்கேயே போயிற்று, மலை அப்படியே நின்றது.

மேட்லின் என்ற பெண் ஒரு மலை ஏறுகிறாள். அவ்வளவுதான் கதை என்று முதலில் நினைத்தேன். அவளிடம் இருப்பது மூன்று வித்தை. குதிப்பாள், சுவரைப் பற்றிக்கொண்டு ஏறுவாள், காற்றில் எட்டுத் திசைகளில் ஏதோ ஒன்றில் சட்டென்று பாய்வாள். இந்தப் பாய்ச்சலை டேஷ் என்கிறார்கள். ஒரு முறை பாய்ந்துவிட்டால் கால் தரையில் படும் வரை மறுபடி பாய முடியாது. பாய்ச்சல் கைவசம் இருந்தால் அவள் தலைமுடி சிவப்பு. தீர்ந்துவிட்டால் நீலம். திரையின் மூலையில் மீட்டர் கீட்டர் எதுவும் கிடையாது. சுவரில் தொங்கித் தொங்கிக் கை ஓய்ந்தால் அவள் உடம்பே சிவப்பாக மின்னும். அவளைத்தானே பார்த்துக்கொண்டிருக்கிறோம், தகவலும் அவள் மேலேயே இருக்கிறது. "நான் கவனிக்கல" என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை.

டேஷைச் சொல்லித் தரும் இடம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. தொடக்கத்திலேயே ஒரு பாலம். ஓட ஓடப் பின்னால் இடிந்து விழுகிறது. கடைசிப் பலகையும் காலடியில் போய் மேட்லின் பள்ளத்துக்கு மேல் அந்தரத்தில் இருக்கும்போது காலம் உறைகிறது. ஒரு பறவை வந்து எந்தத் திசை, எந்தப் பட்டன் என்று காட்டுகிறது. நீங்கள் அமுக்கும் வரை உலகம் நிற்கும். பாடம் தேவைப்படும் அந்த நொடியில்தான் பாடம் வருகிறது. முதல் இருபது நிமிடம் பெட்டி பெட்டியாக விளக்கம் காட்டி, "தொடர எக்ஸ் அமுக்கவும்" என்று நிற்க வைக்கும் கேம்களை விளையாடியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இந்த மலை ஒவ்வொரு திரையாக வெட்டப்பட்டிருக்கிறது. பெரும்பாலும் ஒரு திரை, ஒரு கணக்கு. முள்ளில் பட்டால் மேட்லின் சிதறுவாள். நீங்கள் மூச்சு விடுவதற்குள் அதே திரையின் தொடக்கத்தில் மறுபடி நிற்பாள். "கேம் ஓவர்" கிடையாது. மூன்று லைஃப், ஐந்து லைஃப் என்ற கணக்கும் கிடையாது. பழைய ஆர்கேட் பெட்டிகளில் லைஃப் எண்ணியதற்கு ஒரு வியாபாரக் காரணம் இருந்தது. நீங்கள் செத்தால்தான் அடுத்த காசு உள்ளே விழும். காசு போடும் துளை போன பிறகும் அந்த வழக்கம் ரொம்ப நாள் நீடித்தது. செலெஸ்ட் அதைத் தூக்கிப் போட்டுவிட்டது. தோற்றதற்கு இங்கே ஒரே தண்டனை, அதே பத்து நொடியை மறுபடி செய்ய வேண்டும். ஒரு வாக்கியத்தில் பிழை இருந்தால் அந்த வாக்கியத்தைத் திருத்தச் சொல்வார்கள், அத்தியாயம் முழுவதையும் திரும்ப எழுதச் சொல்ல மாட்டார்கள் அல்லவா, அப்படி.

சரி, அந்த நாற்பது ஐம்பது அநியாயச் சாவுகளுக்கு வருகிறேன். முதல் வாரத்தில் எல்லாக் குதிப்பும் ஒரு நூலிழை தாமதமாகவே நடந்தது. வயதாகிவிட்டது, விரல் மந்தமாகிவிட்டது என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். அப்புறம் கேமைத் திட்டினேன். கடைசியில் பார்த்தால் குற்றவாளி டிவி. படத்தை மெருகேற்றிக் காட்டுகிறேன் என்று ஒவ்வொரு காட்சியையும் கொஞ்சம் பிடித்துவைத்து அனுப்பிக்கொண்டிருந்தது. இந்தக் கேம் நொடிக்கு 60 படம் ஓட்டுகிறது, அதாவது ஒரு படத்துக்குச் சுமார் 17 மில்லி நொடி. டிவி ஐந்தாறு படம் தாமதித்தாலே போதும், நான் பார்ப்பது பழைய உலகமாகிவிடும். அமைப்புகளில் "கேம் மோட்" என்பதைப் போட்டேன். அதே விரல், அதே வயது, மேட்லின் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கும் பிள்ளையாகிவிட்டாள். இந்தக் கேமை மட்டமாகப் பேச நினைப்பவர்கள் முதலில் டிவியைப் பாருங்கள்.

இனி அக்கா மகன் கதை. பதிமூன்று வயது, என்னைவிட நன்றாக விளையாடுவான், அதை மறைக்கவும் மாட்டான். நாலாம் அத்தியாயத்தில் காற்றடிக்கும் முகட்டில் நான் ஒரு நீளமான குதிப்பைத் தாண்டிவிட்டுப் பெருமையாகத் திரும்பிப் பார்த்தேன்.

"சித்தி, நீங்க லேட்டா குதிச்சீங்க."

"தாண்டிட்டேனேடா."

"தாண்டினீங்க. ஆனா லேட்டுதான். கால் வெளியே போயிடுச்சு."

நிரூபி என்றேன். போனில் ஸ்லோ மோஷன் வைத்தான், நொடிக்கு 240 படம். கட்டைவிரலும் திரையும் ஒரே காட்சியில் வரும்படி கண்ட்ரோலரை டிவிக்கு முன்னால் தூக்கிப் பிடித்து விளையாடச் சொன்னான். பத்து முறை குதித்தேன். ஓட்டிப் பார்த்தோம். ஏழு குதிப்பில் மேட்லினின் கால் விளிம்பைத் தாண்டி வெறும் காற்றில் இருக்கிறது, அதற்குப் பிறகுதான் என் விரல் பட்டனில் இறங்குகிறது. நியாயப்படி பள்ளத்தில் விழுந்திருக்க வேண்டும். ஆனால் தரையில் நிற்பவள் போல அழகாகக் குதிக்கிறாள்.

கேம் செய்பவர்கள் இதைக் கொயோட்டி டைம் என்கிறார்கள். கார்ட்டூனில் ஓநாய் போன்ற அந்தப் பிராணி மலை விளிம்பைத் தாண்டியும் ஓடிக்கொண்டே இருக்கும், கீழே பார்த்த பிறகுதான் விழும். அதிலிருந்து வந்த பெயர். செலெஸ்ட்டில் விளிம்பை விட்ட பிறகும் சுமார் 0.1 நொடி வரை குதிப்பு செல்லும். செய்தவர்கள் இதை ஒளித்துவைக்கவில்லை. மேட்லினை இயக்கும் நிரலையே எல்லோரும் படிக்கும்படி வெளியிட்டிருக்கிறார்கள், தோர்சன் ஒவ்வொரு சலுகையாக விளக்கியும் இருக்கிறார். தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பே பட்டனை அமுக்கிவிட்டாலும் அதை ஞாபகம் வைத்திருந்து, கால் பட்டதும் குதிக்க வைக்கிறது. மேலே எழும்பும்போது தலை ஒரு மூலையில் இடித்தால், 4 பிக்சல் வரை பக்கவாட்டில் தள்ளிவிட்டு வழி விடுகிறது. திரையின் அகலமே 320 பிக்சல், ஒரு கட்டம் 8 பிக்சல். ஆக, அரைக் கட்டம் இலவசம்! சுவரை 2 பிக்சல் தொடாமல் விட்டாலும் சுவரில் உதைத்துக் குதிக்கலாம். குதிப்பின் உச்சியில் பட்டனைப் பிடித்தே இருந்தால் புவியீர்ப்பு பாதியாகிறது, எங்கே இறங்குவது என்று யோசிக்க ஒரு துளி நேரம் கிடைக்கிறது. முள் இருக்கும் இடத்திலும் அதன் கூர் நோக்கும் திசையிலேயே நீங்கள் விலகிப் போய்க்கொண்டிருந்தால் குத்தாது.

இதெல்லாம் தெரிந்ததும் எனக்கு இரண்டு நாள் கோபம். என் திறமை என்று நினைத்ததில் எத்தனை கருணை மதிப்பெண்? "சாவெல்லாம் என் தப்பு" என்று நேர்மையாக ஒப்புக்கொண்டிருந்தேனே, வெற்றியெல்லாம் என்னுடையதில்லை என்று யாரும் சொல்லவில்லையே! அக்கா மகனுக்கு இது பிரச்சினையாகவே தெரியவில்லை. "நீங்க குதிக்கணும்னு நினைச்சீங்க, அது குதிச்சுது. என்ன தப்பு?" என்றான்.

யோசித்துப் பார்த்தால் நான் வேலையில் செய்வதும் அதுதான். ஒரு வாக்கியத்தில் ஒற்று விட்டுப்போயிருந்தால் எழுதியவரைக் கூப்பிட்டு நீங்கள் சொல்ல வந்தது இதுதானா என்று கேட்பதில்லை. தெரிந்துகொண்டு போட்டுவிடுவேன். பொருளே தலைகீழாக இருந்தால்தான் திருப்பி அனுப்புவேன். செலெஸ்ட் விரலின் எழுத்துப்பிழையை மன்னிக்கிறது, கருத்துப்பிழையை மன்னிப்பதில்லை. தவறான திசையில் பாய்ந்தால், பாய்ச்சலை முன்னாடியே வீணடித்துவிட்டால் எந்தச் சலுகையும் கிடையாது, செத்துத்தான் ஆக வேண்டும். அதனால்தான் அந்தச் சாவுகள் என்னுடையவையாகத் தோன்றுகின்றன. கண்ணும் விரலும் செய்யும் சின்ன ஏமாற்று வேலைகளைக் கேம் முன்கூட்டியே கழித்துவிடுகிறது. மிஞ்சுவது என் முடிவுகள் மட்டும்.

இந்தக் கோணத்தில் பார்த்தால் டெட்ரிஸ்கூட இதே ஜாதிதான். மேலிருந்து விழும் கட்டைகளை இடைவெளி விடாமல் அடுக்கும் அந்தக் கேம், 1984-இல் அலெக்ஸி பஜித்னோவ் செய்தது. அதில் எதிரியே கிடையாது, நாம் அடுக்கிய கந்தலே நம்மை மூடுகிறது. திட்டுவதற்கு மிஞ்சியது அதிர்ஷ்டம் ஒன்றுதான். "நீளக் கட்டை வரவே இல்லை" என்பது டெட்ரிஸ் ஆடியவர்களின் நிரந்தரப் புலம்பல். பிற்காலப் பதிப்புகள் அந்த வாயையும் அடைத்துவிட்டன. ஏழு வகைக் கட்டைகளையும் ஒரு பைக்குள் போட்டுக் குலுக்கி, பை தீரும் வரை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கும், அப்புறம் அடுத்த பை. அந்தக் கணக்கில் இரண்டு நீளக் கட்டைகளுக்கு நடுவே அதிகபட்சம் 12 வேறு கட்டைகள்தான் வர முடியும். இனிப் புலம்பினால் கண்ணாடியைப் பார்த்துத்தான் புலம்ப வேண்டும்.

போனில் ஒரு கேம் விளையாடினேன், பெயர் வேண்டாம். ஐந்து முறை தோற்றால் அரை மணி நேரம் காத்திரு, இல்லாவிட்டால் காசு கொடு என்றது. அதில் நான் தோற்பதுதான் அவர்களுக்கு லாபம். அப்படியிருக்க, கடைசி நகர்வில் கட்டம் எனக்கு எதிராக விழும்போது யாரைச் சந்தேகப்படுவேன்? உண்மையில் அது நியாயமாகவே நடந்திருக்கலாம். ஆனால் நம்பிக்கை போய்விட்டது, கேமும் போய்விட்டது.

செலெஸ்ட்டின் கதைக்கு வருகிறேன். கதை அப்புறம் என்று ஆரம்பத்தில் சொன்னேன், ஆனால் இங்கே கதையும் விரலும் பிரியவில்லை. இரண்டாம் அத்தியாயத்தில் மேட்லினின் மனதில் இருக்கும் இருண்ட உருவம் கண்ணாடியை உடைத்துக்கொண்டு வெளியே வந்து துரத்துகிறது. எப்படித் துரத்துகிறது தெரியுமா? நீங்கள் செய்த ஒவ்வொரு அசைவையும் சற்றுத் தாமதமாக அப்படியே திரும்பச் செய்துகொண்டு வரும். நீங்கள் குதித்த இடத்தில் குதிக்கும், தயங்கி நின்ற இடத்தில் தயங்கி நிற்கும். திரும்பி வந்தால் உங்கள் பழைய பாதையிலேயே உங்களை முட்டும். நான் அங்கே செத்த சாவு ஒவ்வொன்றும் சில நொடிகளுக்கு முன் இருந்த என்னால் செத்தது. "சொந்தப் பயம்தான் எதிரி" என்று எழுதிக் காட்டியிருந்தால் பக்கத்தைத் தள்ளியிருப்பேன். இங்கே அதனிடம் மாட்டித் தெரிந்துகொண்டேன்.

நாலாம் அத்தியாயத்தில் கம்பிவடத்தில் தொங்கும் வண்டி நடுவழியில் நின்றுவிடும். மேட்லினுக்கு மூச்சு முட்டும். கூட வரும் தியோ, ஓர் இறகை நினைத்துக்கொள், மூச்சால் அதை மிதக்க விடு என்கிறான். திரையில் ஓர் இறகு. பட்டனை மெல்லப் பிடித்தும் விட்டும் அதை ஒரு சட்டத்துக்குள் நிறுத்த வேண்டும். நானும் அதே தாளத்தில் மூச்சு விட்டுக்கொண்டிருந்ததை ஒரு நிமிடம் கழித்துத்தான் கவனித்தேன். இதே இறகு பிறகு ஒரு முறை உதவாமல் போகிறது. அந்த இடத்தைச் சொல்லிக் கெடுக்க மாட்டேன். லீனா ரெய்னின் இசை அங்கெல்லாம் எப்படிப் பின்வாங்கி நிற்கிறது என்று மட்டும் கவனியுங்கள்.

குறைகள் இல்லாமல் இல்லை. மூன்றாம் அத்தியாய ஹோட்டலில் பேச்சு அதிகம், அறைக்கு அறை அதை நடத்துபவர் வந்து நின்றுகொள்கிறார். பாத்திரங்கள் பேசும்போது வரும் கீச்சுமூச்சு ஒலி முதல் மணி நேரத்தில் செல்லமாக இருந்தது, அப்புறம் சத்தத்தைக் குறைத்துவிட்டேன். ஐந்தாம் அத்தியாயம்தான் என் நிஜமான புகார். இருட்டுக் கோயில். அதில் பளிங்குக்குள் அடைபட்ட தியோவைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும், அவன் பள்ளத்தில் விழுந்தால் நமக்கும் சாவு. தூக்கி எறிந்தால் எங்கே மோதி எங்கே தெறிப்பான் என்பது என் கைக்குப் பிடிபடவே இல்லை. கூடவே நம்மைக் கண்டதும் பாய்ந்து வரும் பிராணிகள் வேறு. அது வரை வெட்டி வைத்த மாதிரி தெளிவாக இருந்த கேம், அங்கே குலுக்கல் சீட்டாகத் தோன்றியது. டிவியைச் சரிசெய்த பிறகு முதல் முறையாக வசவு திரைப் பக்கம் திரும்பியது.

அங்கேதான் கேமை எளிதாக்கிக்கொள்ளும் அசிஸ்ட் மோடைத் திறந்தேன். கேமின் வேகத்தைப் பத்துப் பத்து சதவீதமாகக் குறைத்து 50 வரை கொண்டுபோகலாம். கை ஓயாமல் பிடித்துத் தொங்கலாம், டேஷைக் கூட்டிக்கொள்ளலாம், சாகாவரமே வாங்கிக்கொள்ளலாம். நான் ஒரு திரைக்கு மட்டும் வேகத்தை 80 ஆக்கினேன். தாண்டினேன். சந்தோஷம் வரவில்லை. மறுநாள் 100-இல் வைத்து அதே திரையை மறுபடி செய்தேன், 34 சாவு. அதற்காக அசிஸ்ட் மோட் தேவையில்லை என்று சொல்ல மாட்டேன். என் தோழி ஒருத்திக்கு மணிக்கட்டு வலி, 70-இல்தான் மலை முழுக்க ஏறினாள். இறகுக் காட்சியைப் பற்றி அவள் பேசும்போது அவள் கண் கலங்கியது, என்னுடையது கலங்கவில்லை. யார் சரியாக விளையாடினார்கள்?

ஆறாம் அத்தியாயத்துக்குப் பிறகு மேட்லினுக்கு இரண்டு டேஷ் கிடைக்கும், முடி இளஞ்சிவப்பாகும். ஏன் கிடைக்கிறது என்பதைச் சொல்லாமல் விடுகிறேன். ஏழாம் அத்தியாயம் அது வரை கற்ற எல்லாவற்றையும் வரிசையாகத் திருப்பிக் கேட்கிறது, புது வேகத்தில். கடைசி ஏற்றத்தில் கொடிகள் 30-இலிருந்து கீழ்நோக்கி எண்ணிக்கொண்டே வரும். 30-இல் நின்றபோது நடுராத்திரி. ஒன்றாம் கொடியைத் தொட்டபோது ஜன்னலில் வெளிச்சம்.

வழியெங்கும் ஸ்ட்ராபெரிகள் இருக்கின்றன, மொத்தம் 175. அவற்றால் பெரிய பயன் எதுவும் இல்லை, நண்பர்களிடம் பீற்றிக்கொள்ளலாம் என்று கேமே சொல்லிவிடுகிறது. நான் 61 எடுத்தேன். அக்கா மகன் எல்லாவற்றையும் எடுத்தான். பீற்றிக்கொள்ளவும் செய்தான்.

வாங்க நினைப்பவர்களுக்கு: கணினியிலும் கன்சோலிலும் கிடைக்கிறது. தமிழில் இல்லை, உரையாடல்களை ஆங்கிலத்தில் படிக்க வேண்டியிருக்கும். கண்ட்ரோலரில் ஸ்டிக்கைவிடச் சிலுவைப் பட்டன்தான் நல்லது, ஸ்டிக்கில் மேல்-வலது என்று நினைத்துத் தள்ளினால் பாதி நேரம் வெறும் மேல்தான் விழுகிறது. அந்தச் சாவுகளை யார் கணக்கில் எழுதுவது என்று எனக்கு இன்னும் முடிவாகவில்லை. ஒரு நேரத்தில் முக்கால் மணிக்கு மேல் வேண்டாம், சுவரைப் பற்றும் பட்டனை அமுக்கி அமுக்கி ஆள்காட்டி விரல் வீங்கிவிடும்.

2019 செப்டம்பரில் ஃபேர்வெல் என்று ஓர் இலவச அத்தியாயம் சேர்த்தார்கள். முன்னால் வந்த எல்லாமே பயிற்சிதான் என்று நினைக்க வைக்கும் கடினம். அதில் ஒரு மாதமாக ஒரே திரையில் நிற்கிறேன். கால் வெளியே போன பிறகு குதிக்கும் அந்த 0.1 நொடியை அங்கே தெரிந்தே பயன்படுத்துகிறேன், கூச்சமே இல்லாமல். நேற்று மட்டும் 88 முறை செத்தேன். 87 என் தப்பு. ஒன்று, அழைப்பு மணி அடித்தது.